90 நாளில் 26 கிலோ குறைத்தேன், அதற்குப் பிறகு நடந்தது இது

2022 பொங்கல் முடிந்த வாரத்தில்தான் ஒரு ஜிம் நடத்திய எடை குறைப்புப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். அப்போது எனக்கு 37 வயது, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 94 கிலோ. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வீட்டுக்காரர் சின்னதாக வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறார். நான் வீட்டிலிருந்தபடியே கொலுசுக்குச் சலங்கை கோர்த்துக் கொடுப்பேன். காலை மடக்கி உட்கார்ந்தால் எழுவதற்கு முட்டி விடாது. சுகர் எல்லைக்கோட்டில் நிற்கிறது, ஆறு மாதத்தில் ஐந்தாறு கிலோ குறைத்தாலே போதும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்த ஐந்தாறு கிலோ எனக்கு ஒரு கணக்காகவே படவில்லை. அதற்கு முந்தின மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், "அண்ணிக்கு ரெண்டு சேரா போடுங்க" என்று யாரோ சொல்லி, பந்தியே சிரித்தது. பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள், அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன். நான் போட்டியில் சேர்ந்ததற்குக் காரணம் சுகர் இல்லை, அந்தத் தலைகுனிவுதான்.

ராத்திரி தூக்கம் வராதபோது போனில் 'தி பிக்கெஸ்ட் லூசர்' துண்டுகளாகப் பார்ப்பேன். அமெரிக்காவில் என்.பி.சி. சேனலில் 2004-ல் தொடங்கிய எடை குறைப்புப் போட்டி நிகழ்ச்சி. இந்தியாவிலும் 2007-ல் இந்தியில் ஒரு பதிப்பு வந்தது. பெரிய தராசில் ஏறி நிற்பார்கள், எண் ஓடும், நிற்கும், அழுவார்கள், கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். ஒரே வாரத்தில் ஐந்து கிலோ, ஏழு கிலோ. அதைப் பார்த்துப் பார்த்து, ஒரு மனுஷனுக்கு வாரத்துக்கு ஐந்து கிலோ குறைவதுதான் இயல்பு, நம்மிடம்தான் மனவுறுதி இல்லை என்று எனக்குள் பதிந்துபோயிருந்தது. இங்கே ஒரு ஜிம்மில் "அதே டிவி ஷோ மாதிரி, நம்ம ஊர்ல" என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். 90 நாள், 16 பேர். ஞாயிற்றுக்கிழமைதோறும் கேமரா முன்னால் எடை போட்டு யூடியூபில் விடுவார்கள், லோக்கல் கேபிளிலும் வரும். நுழைவுக் கட்டணம் 15,000 ரூபாய், முதல் பரிசு ஒரு லட்சம். கொலுசு வேலையில் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கட்டினேன்.

கட்டிய அன்றைக்கே நாலு பக்கத்துக்கு ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. "சும்மா ஃபார்மாலிட்டிக்கா, கையெழுத்துப் போடுங்க" என்றார் ஜிம் மாஸ்டர். போட்டேன். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு வக்கீலிடம் காட்டியபோதுதான் தெரிந்தது, உடம்புக்கு என்ன ஆனாலும் அவர்கள் பொறுப்பில்லை என்றும், என் படத்தையும் வீடியோவையும் கால வரம்பில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்றும் நானே எழுதிக்கொடுத்திருக்கிறேன். உங்களிடம் யாராவது இப்படி ஒரு தாளை நீட்டினால் வீட்டுக்குக் கொண்டுபோய் ஆங்கிலம் தெரிந்த ஒருவரை வைத்துப் படியுங்கள். கொண்டுபோகக் கூடாது என்றால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று, சேரும் முன் அவர்கள் ரத்தப் பரிசோதனை எதுவும் கேட்கவில்லை. தைராய்டு, சுகர், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், பொட்டாசியம் எதுவும் பார்க்காமல் ஒருவருக்கு உணவு அட்டவணை எழுதிக் கொடுக்கிறார்கள் என்றால், எழுதுகிறவருக்கு உங்கள் உடம்பு முக்கியமில்லை என்று அர்த்தம்.

அட்டவணை இதுதான். காலையில் கிரீன் டீ, இரண்டு முட்டை வெள்ளைக்கரு. மதியம் வெள்ளரிக்காயும் ஐம்பது கிராம் வேகவைத்த கோழியும். சாயங்காலம் பவுடர் கரைத்த தண்ணீர். ராத்திரி சூப். எல்லாம் சேர்த்தால் 700 கலோரிகூட வராது என்று பின்னால் கணக்குப் பார்த்தேன். இதைத் தின்றுவிட்டுக் காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் உடற்பயிற்சி. பவுடரும், லேபிள் இல்லாத வெள்ளை டப்பாவில் ஒரு கேப்சூலும் அவர்களிடமே வாங்க வேண்டும், மாதம் 6,500 ரூபாய். கேப்சூல் போட்டால் நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை நடுங்கும். சலங்கை கோர்க்கும்போது கம்பி நழுவி நழுவி விழும். "கொழுப்பு கரையுதுக்கா, அதான்" என்றார் மாஸ்டர். நான் நம்பினேன். டப்பாவில் அடைத்து விற்கும் உணவுப்பொருள் எதுவானாலும் அதன்மேல் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். அந்த எண்கூட இல்லாததை வாயில் போடாதீர்கள்.

ஆனாலும் முதல் மாதம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 94, 89, 86, 84. ஞாயிற்றுக்கிழமை எண்ணைப் பார்த்து எல்லோரும் கைதட்டுவார்கள். தெருவில் நிறுத்திக் கேட்பார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் என்னை யாரும் எதற்கும் கைதட்டிப் பார்த்ததில்லை. அந்தக் கைதட்டலுக்காகத்தான் பசியைத் தாங்கினேன். ராத்திரி இரண்டு மணி வரை போனில் சமையல் வீடியோ பார்ப்பேன், பார்த்துக்கொண்டே அழுவேன். 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அவர்களும் சமையல் புத்தகங்களை எடுத்து வைத்துப் படித்துக்கொண்டே இருந்தார்களாம். எப்போதும் குளிர் எடுத்ததாம், எரிச்சலும் மனச்சோர்வும் வந்ததாம். அவர்களுக்குக்கூட ஒரு நாளைக்கு 1,500 கலோரிக்கு மேல் கிடைத்தது. இதைப் பின்னால் படித்தபோதுதான், மார்ச் மாதச் சேலத்து வெயிலில் நான் ஏன் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று விளங்கியது.

எட்டாவது வாரம் ஏற்காடு மலைக்குக் கூட்டிப்போனார்கள். அடிவாரத்திலிருந்து ஓட்டமும் நடையுமாகக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டும். மேலே ட்ரோன் சுற்றிக்கொண்டிருந்தது. மொத்தம் 20 வளைவு, எங்களுக்கு எட்டு. ஐந்தாவது வளைவில் தடுப்புச் சுவர்மேல் ஒரு தாய்க்குரங்கு உட்கார்ந்து யாரோ போட்ட வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தது. தோலை இழுத்து, நாரைக்கூட விரலால் தனியாக எடுத்துவிட்டுக் குட்டிக்கு ஒரு வாய் கொடுத்தது. எனக்குக் கண் அதைவிட்டு நகரவில்லை. வாயில் எச்சில் ஊறியது, காது அடைத்தது. அப்புறம் தார்ச்சாலையின் சூடு கன்னத்தில் பட்டதுதான் நினைவு. முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பினார்கள். என்னை உட்காரவைத்துவிட்டு, "விழுந்தது நல்லா வந்திருக்கா பாரு" என்று அவர்களில் ஒருவர் கேமராக்காரத் தம்பியிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அந்த வார வீடியோவுக்கு முகப்புப் படமே அதுதான். அமெரிக்க நிகழ்ச்சியிலும் 8வது சீசனின் முதல் நாளே கடற்கரையில் ஓடவிட்டு, ஒரு பெண் மயங்கி விழுந்து ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குப் போனார். அந்த சீசன் நிற்கவில்லை. எங்களுடையதும் நிற்கவில்லை. எனக்கு அன்றைக்கே நின்றிருக்க வேண்டும் என்று தோன்றவில்லை, மீதி மூன்று வளைவு ஏறவில்லையே என்றுதான் வருத்தப்பட்டேன். பசி புத்தியை அந்த அளவுக்கு மாற்றிவிடும். அந்த மார்ச்சில் மாதவிடாயும் வரவில்லை. நல்லதுதான், பயிற்சி தடைபடாது என்று நினைத்துக்கொண்டேன். எடை குறைக்கும்போது ஒரு மாதம் தள்ளிப்போனாலே அது உடம்பு தரும் எச்சரிக்கை, அட்டவணையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

கடைசி நாலு நாள் உப்பு கிடையாது. கடைசி ஒன்றரை நாள் தண்ணீரும் கிடையாது. பிளாஸ்டிக் ஜாக்கெட் மாட்டி வெயிலில் நடக்கவிட்டார்கள். முந்தின ராத்திரி ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார்கள், விடியவிடிய சிறுநீர் போனது. இதய நோயாளிகளுக்கு நீர் வெளியேற டாக்டர்கள் கொடுக்கிற வகை மாத்திரை அது என்று பிறகுதான் தெரிந்தது. ஏப்ரல் நடுவில் மேடையில் ஏறினேன். 67.4 கிலோ. 26.6 கிலோ குறைத்து இரண்டாம் இடம். சிரிக்கும்போது உதடு வெடித்து ரத்தம் வந்தது, மேக்கப் போட்ட பெண் ஓடிவந்து துடைத்தார். அன்று ராத்திரி இரண்டு கெண்டைக்காலும் முறுக்கி இழுத்து, நெஞ்சு தாறுமாறாக அடிக்க, வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். பொட்டாசியம் ரொம்பக் குறைந்திருந்தது. "இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தா இதயத் துடிப்பே நின்னுருக்கும்மா" என்றார் டூட்டி டாக்டர். டிரிப்ஸ் ஏறி, வீட்டுக்கு வந்து, நாலாம் நாள் எடை போட்டால் 72. பிக்கெஸ்ட் லூசரின் முதல் சீசனில் ஜெயித்த ரையன் பென்சன் இதையேதான் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கடைசி எடைக்காகப் பட்டினி கிடந்து, தண்ணீர் குடிக்காமல், சிறுநீரில் ரத்தம் போகும்வரை உடம்பை வறட்டினாராம். முடிந்த பிறகு தண்ணீர் குடித்தே ஐந்து நாளில் 14 கிலோவுக்கு மேல் ஏறிவிட்டாராம். மேடையில் காட்டுகிற எண்ணில் ஒரு பங்கு வெறும் தண்ணீர்.

எங்கள் தொழிலில் கொலுசு வாங்குகிறவர்கள் எடையை மட்டும் பார்க்க மாட்டார்கள், டச் என்ன என்று கேட்பார்கள். எடை எவ்வளவு இருந்தாலும் அதில் வெள்ளி எத்தனை பங்கு என்பதுதான் பேச்சு. எனக்கு 26 கிலோ போனது. அதில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அந்த 90 நாளில் ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளியில் இத்தனை கவனமாக இருக்கிற நானும் கேட்கவில்லை.

ஜூனில் முடி கொட்ட ஆரம்பித்தது. தலைக்கு ஊற்றினால் பாத்ரூம் ஓட்டை அடைத்துக்கொள்ளும். பின்னல் பாதியாகிவிட்டது. உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி வந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொட்டும் என்று தோல் டாக்டர் சொன்னார். அதனால்தான் போட்டியையும் இதையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. எண்ணெய்க்கும் ஷாம்புவுக்கும் பணத்தைக் கொட்டாதீர்கள், ஒழுங்காகச் சாப்பிட்டால் முடி தானாகத் திரும்பி வரும். எனக்கு வந்தது, ஒரு வருஷம் ஆனது.

ஆடி மாதத்தில் குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு. மாமியார் கறியைத் தட்டில் அள்ளி வைத்தார். அன்று ராத்திரி வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி பிடித்தது, முதுகுத் தோள்பட்டை வரை ஏறியது. பிள்ளைப்பேற்றில்கூட அப்படிக் கத்தியதில்லை. கேஸ் என்று நினைத்து ஒரு மாதம் மாத்திரை போட்டே ஓட்டினேன். எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டால் வரும், அப்புறம் போகும். செப்டம்பரில் கண் லேசாக மஞ்சளான பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பை நிறையக் கல். சர்ஜன் தாளில் படம் போட்டே விளக்கினார். வேகமாக இளைக்கும்போது கரையும் கொழுப்பிலிருந்து ஈரல் நிறையக் கொலஸ்ட்ராலைப் பித்தநீரில் தள்ளும். சாப்பாட்டில் கொழுப்பே இல்லையென்றால் பித்தப்பை சுருங்கி விரிய வேலையில்லை, நீர் தேங்கிக் கல்லாகும். வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைத்தால் இந்த ஆபத்து கூடும் என்றார். நான் சராசரியாக வாரத்துக்கு இரண்டு கிலோ குறைத்திருந்தேன். அக்டோபரில் லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையையே எடுத்துவிட்டார்கள். வேகமாக இளைத்த ஒருவருக்குச் சாப்பிட்ட பின் மேல்வயிறு வலித்தால் கேஸ் மாத்திரையோடு நிற்காதீர்கள், வயிற்று ஸ்கேன் எடுங்கள். என்னை மாதிரி மஞ்சள் ஏறும் வரை காத்திருக்கக் கூடாது.

இவ்வளவுக்கும் நடுவில் எடை ஏறிக்கொண்டேதான் இருந்தது. 72, 78, 85. சாதாரணமாக மூன்று இட்லி சாப்பிட்டாலும் ஏறியது. அடங்காத பசி, வயிறு நிறைந்தாலும் நிறையாத பசி. 2023 ஆடிக்கு 97 கிலோ. போட்டிக்கு முன் இருந்ததைவிட மூன்று கிலோ அதிகம். ஒரு விசேஷத்துக்கும் போகவில்லை. கடைவீதியில் தெரிந்த முகம் வந்தால் அடுத்த சந்தில் திரும்பிவிடுவேன். என் வீடியோவுக்குக் கீழே "மறுபடியும் பழையபடி ஆயிடுச்சாம், வாய்க்கட்டு வேணும்ல" என்று ஒருவர் எழுதியிருந்தார். மாஸ்டரிடம் போன் பண்ணி அழுதேன். "நாங்க குடுத்ததை நீங்க காப்பாத்தலக்கா" என்றார். அந்த வார்த்தையை ஒரு வருஷம் முழுக்கச் சுமந்தேன். சாவைப் பற்றிக்கூட நினைத்திருக்கிறேன். வீட்டுக்காரரிடம் ஒரு ராத்திரி வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அது இறங்கியது. உங்களுக்கு அப்படித் தோன்றினால் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்ல ஆளில்லை என்றால் தமிழ்நாடு அரசின் 104-ஐக் கூப்பிடுங்கள்.

அதை முழுசாக இறக்கி வைத்தது ஒரு டாக்டர் சொன்ன ஆய்வு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹாலும் அவர் குழுவும் பிக்கெஸ்ட் லூசரின் 8வது சீசன் போட்டியாளர்கள் 14 பேரை ஆறு வருஷம் கழித்து மறுபடி அளந்து 2016-ல் வெளியிட்டார்கள். போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், ஆறு வருஷத்தில் சராசரியாக 41 கிலோ திரும்ப ஏறியிருந்தார்கள். அதைவிட முக்கியம், சும்மா படுத்திருக்கும்போது உடம்பு எரிக்கிற சக்தி. அவர்கள் இப்போதிருக்கும் எடைக்கும் வயதுக்கும் எரிக்க வேண்டியதைவிட நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே எரித்தார்கள், அதுவும் ஆறு வருஷம் கழித்து. போதும் என்று மூளைக்குச் சொல்கிற லெப்டின் ஹார்மோன் போட்டி முடிவில் தரைமட்டத்துக்கு இறங்கியிருந்தது, பழைய அளவுக்குத் திரும்பவேயில்லை. அந்த சீசனில் ஜெயித்தவர் டேனி கேஹில், ஏழு மாதத்தில் 195 கிலோவிலிருந்து 87 கிலோவுக்கு வந்தவர். அவருக்கே 45 கிலோவுக்கு மேல் திரும்ப ஏறிவிட்டது. பயிற்சியாளர், சமையல்காரர், டாக்டர், கோடிக்கணக்கில் பணம் எல்லாம் இருந்த இடத்திலேயே இதுதான் கதி. டாக்டர் சொல்லி முடித்ததும் அவர் மேஜைமேல் தலை வைத்து அழுதேன். அத்தனை நாள் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். என் உடம்போ, பஞ்சம் வந்துவிட்டது என்று நம்பி என்னைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறது. அதே ஆட்களை வைத்துச் செய்த அடுத்த ஆய்வில், எடையை ஓரளவு காத்துக்கொண்டவர்கள் தினசரி உடலுழைப்பை விடாமல் கூட்டிக்கொண்டவர்கள் என்று வந்ததையும் அவர்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு காந்தி ஸ்டேடியத்தில் காலையில் 50 நிமிஷம் நடக்கிறேன், வாரத்தில் மூன்று நாள் வீட்டிலேயே எடை தூக்குகிறேன். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், சோற்றைக் குறைத்துப் பயறும் முட்டையும் கீரையும் கூட்டியிருக்கிறேன். இரண்டு வருஷத்தில் 97-லிருந்து 88. வீடியோ எடுக்க இதில் ஒன்றுமில்லை. சுகர் எல்லைக்கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது, முட்டி மடங்குகிறது. போட்டிக்கு முன் இருந்த 94-லிருந்து கணக்குப் பார்த்தால், டாக்டரம்மா முதல் நாளே சொன்ன ஐந்தாறு கிலோ இதுதான்.

பணக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கட்டணம் 15,000, பவுடரும் கேப்சூலும் 19,500, ஷூ, உடுப்பு, மலைப்பயணம் 5,500. மேடையன்று ராத்திரி மருத்துவமனைக்கு 6,000, தோல் டாக்டரும் பரிசோதனைகளும் 9,000, ஆபரேஷன் 95,000. மொத்தம் ஒன்றரை லட்சம். இரண்டாம் பரிசு 25,000 ரூபாயில் 15,000-க்கு அதே ஜிம்மின் கூப்பன்தான் தந்தார்கள், கையில் வந்தது 10,000. ஆபரேஷனுக்கு என் நாலு பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. வக்கீல் கேட்ட முதல் கேள்வி "பில் இருக்கா?" ஒன்றுமில்லை, எல்லாம் ரொக்கம். நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், 1915-க்குப் போன் பண்ணியும் கேட்கலாம். ஆனால் ரசீது வேண்டும். நூறு ரூபாய் கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள், அவர்கள் தரும் டப்பாவைப் படம் எடுத்து வையுங்கள்.

பணத்தைவிட எனக்கு வலித்தது வேறு. 2023-ல் ஒருநாள் மகளின் ஸ்கூல் டீச்சர் கூப்பிட்டு, டிபன் பாக்ஸை நாய்க்குக் கொட்டுகிறாள் என்றார். வீட்டில் கேட்டேன். "நீ சாப்பிடாம இருந்தப்பதானேம்மா எல்லாரும் கைதட்டுனாங்க" என்றாள். எட்டாவது படிக்கிற பிள்ளை, 38 கிலோ. அன்றைக்கே எடை பார்க்கும் மெஷினை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோனேன். இப்போது அவளும் நானும் சாயங்காலம் சேர்ந்து தட்டுவடை செட் சாப்பிடப் போகிறோம். அவள் ஒன்றை முழுதாகச் சாப்பிட்டு முடிக்கும் வரை நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். ஒன்றரை வருஷம் பிடித்தது அவள் பயமில்லாமல் சாப்பிட. வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளைப் பார்க்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

போன மாதம் வரை ஐந்து ரோடு பக்கம் அந்த ஜிம்மின் ஃப்ளெக்ஸில் என் படம் இருந்தது, இந்தப் பக்கம் 94, அந்தப் பக்கம் 67. எடுக்கச் சொன்னால், "உங்களுக்குப் பெருமைதானேக்கா" என்பார்கள். கடைசியில் வீட்டுக்காரரே வக்கீல் கடிதத்தோடு நேரில் போய் நின்றார். பதினோரு நாள் கழித்து எடுத்தார்கள். இப்போது அந்த இடத்தில் வேறு இரண்டு பேர் படம் மாட்டியிருக்கிறது, ஒரு பெண், ஒரு பையன். யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறதா என்று அவர்களிடம் ஒரு தடவை கேளுங்கள்.